புரோகிராமுக்குள் இருந்து சிஸ்டம் கட்டளைகள்: 'பேக்கப் ஓவர்' என்று திரை சொன்னால் நம்பலாமா?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எல்லோரும் மவுஸைப் பிடித்துத்தான் பழகுகிறோம். ஒரு பைலை வேறு இடத்தில் காப்பி செய்ய வேண்டுமா? ரைட் கிளிக், காப்பி. அடுத்த போல்டரைத் திறந்து ரைட் கிளிக், பேஸ்ட். அவ்வளவுதான். இதே வேலையை மவுஸைத் தொடாமல் ஒரே வரியில் டைப் செய்தும் முடிக்கலாம். அந்த ஒரு வரியையும் நாம் டைப் செய்யாமல், நாம் எழுதிய புரோகிராமே விண்டோஸிடம் கொடுத்து வேலை வாங்கும்படியும் செய்யலாம். இந்த மாதப் பாடம் அதைப் பற்றியது.

எனக்கு இதைப் புத்தகம் கற்றுத் தரவில்லை. சின்னசேலம் பக்கத்தில் உள்ள எங்கள் நைனார்பாளையத்தில் ஒரு மக்காச்சோள மண்டியும் இரண்டு பிளாப்பிகளும்தான் கற்றுத் தந்தன. அந்தக் கதை பின்னால் வருகிறது. முதலில் அடிப்படையைப் பார்த்துவிடுவோம்.

ஒரு குறிப்பு: கட்டளைகளை இங்கே உச்சரிப்பின்படி தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். கம்ப்யூட்டரில் டைப் செய்யும்போது ஆங்கில எழுத்துகளில்தான் டைப் செய்ய வேண்டும்.

கறுப்புத் திரை

கீபோர்டில் விண்டோஸ் கீயையும் ஆர் கீயையும் சேர்த்து அழுத்துங்கள். இடது மூலையில் ஒரு சின்னக் கட்டம் வரும். அதில் சிஎம்டி என்ற மூன்று எழுத்துகளை டைப் செய்து என்டர் தட்டுங்கள். கறுப்பு நிறத்தில் ஒரு விண்டோ திறக்கும். இதுதான் கமாண்ட் பிராம்ப்ட். டிர் என்று டைப் செய்து என்டர் தட்டினால் அந்தப் போல்டரில் உள்ள பைல்களின் பட்டியல் ஓடும். பயப்பட ஒன்றுமில்லை. இந்தக் கட்டளை எதையும் அழிக்காது.

அடுத்து காப்பி. காப்பி என்று டைப் செய்து, ஒரு இடைவெளி விட்டு, எந்த பைல் என்று கொடுத்து, இன்னொரு இடைவெளி விட்டு, எங்கே போக வேண்டும் என்று கொடுத்தால் போதும். வேலை முடிந்ததும் ஒரு பைல் காப்பி ஆனது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். முடியவில்லை என்றால் ஏன் முடியவில்லை என்று வேறு ஒரு வரி வரும்.

இந்த வரியைக் கவனியுங்கள். இதைப் படிப்பது நம் கண். புரோகிராமுக்குக் கண் கிடையாது. பாடம் முழுவதும் இந்த ஒரு விஷயத்தில்தான் இருக்கிறது.

கணக்கு மொழிகளும் வெளிக்கதவும்

வியாபாரக் கணக்குக்கென்றே உண்டான புரோகிராமிங் மொழிகள் உண்டு. அவற்றில் மூத்த மொழிகளில் ஒன்று கோபால். 1959ல் அமெரிக்காவில் அரசும் கம்ப்யூட்டர் கம்பெனிகளும் கூடிப் பேசி உருவாக்கத் தொடங்கிய மொழி இது. 1960 டிசம்பரில் ஒரே கோபால் புரோகிராமை ஆர்சிஏ கம்பெனியின் மெஷினிலும் யூனிவாக் மெஷினிலும் ஓட்டிக் காட்டினார்கள். அன்றைக்கு அது பெரிய சாதனை. ஏனென்றால் அதுவரை ஒவ்வொரு மெஷினுக்கும் தனித்தனியாக எழுத வேண்டியிருந்தது. நம் ஊரில் இந்தப் பெயரைச் சொன்னால் ஆள் பெயர் என்றே நினைப்பார்கள். "கோபால்ல எழுதியிருக்கேன்" என்று நான் சொன்னபோது மண்டி முதலாளி, "யாரு தம்பி அந்த கோபாலு? நம்ம ஊரா?" என்று கேட்டார்.

அடுத்தது பாக்ஸ்புரோ. 1992ல் மைக்ரோசாப்ட் இதை வாங்கியது. தொண்ணூறுகளிலும் அதற்குப் பிறகும் நம் பக்கத்து கம்ப்யூட்டர் சென்டர்களில் இதைக் கற்றுத் தராத சென்டர் அபூர்வம். மண்டி, உரக்கடை, நகைக்கடை என்று கணக்கு உள்ள இடத்தில் எல்லாம் பாக்ஸ்புரோவில் எழுதிய ஒரு புரோகிராம் ஓடும். இதன் கடைசி வாரிசான விஷுவல் பாக்ஸ்புரோ 9க்கு மைக்ரோசாப்ட் தந்துவந்த ஆதரவு 2015 ஜனவரியோடு முடிந்துவிட்டது.

இந்த மொழிகள் கூட்டல், வட்டி, பில் எல்லாவற்றிலும் கெட்டிக்காரர்கள். ஆனால் போல்டர் உருவாக்குவது, பல பைல்களை ஒரே அடியில் வேறு டிரைவுக்கு அனுப்புவது போன்றவை ஆபரேட்டிங் சிஸ்டத்தின் வேலைகள். அதற்காக மொழிக்குள் ஒரு வெளிக்கதவு வைத்திருக்கிறார்கள். பாக்ஸ்புரோவில் அதன் பெயர் ரன். சோம்பேறிகளுக்கு வெறும் ஆச்சரியக்குறியே போதும். ஆச்சரியக்குறிக்குப் பின்னால் எதை எழுதினாலும் அது டாஸுக்குப் போய்விடும். கோபாலில் கால் "சிஸ்டம்" என்று எழுத வேண்டும். இது கோபால் மொழியின் ஸ்டாண்டர்டில் இல்லை. கம்பைலர் செய்தவர்கள் தாங்களாகவே சேர்த்தது. அதனால் ஆளுக்கு ஆள் மாறும். அக்யூகோபாலில் சிஸ்டம் என்ற பெயருக்கு முன்னால் சி என்ற எழுத்தும் ஒரு டாலர் குறியும் இருக்கும்.

மண்டியில் நடந்தது

2004 ஜனவரி. அப்போது நைனார்பாளையம் விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. கள்ளக்குறிச்சி மாவட்டம் பிரிந்தது 2019 நவம்பரில்தான். மண்டிக்கு செகண்ட் ஹேண்டில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார்கள். விண்டோஸ் 98, அதற்குள் டாஸ் பாக்ஸ்புரோ. விவசாயி கொண்டுவந்த மூட்டை எத்தனை, எடை எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று எல்லாவற்றையும் பதிகிற புரோகிராமை நான்தான் எழுதினேன். மெனுவில் கடைசியாக ஒரு பேக்கப் வைத்தேன். அதில் இரண்டே வரிகள்.

! காப்பி சி:\மண்டி\*.டிபிஎஃப் ஏ:
? "பேக்கப் ஓவர்"

தினமும் கடை சாத்தும்போது முதலாளியே பிளாப்பியைச் செருகி பேக்கப்பைத் தேர்வு செய்வார். ஒற்றைப்படைத் தேதிக்கு ஒரு பிளாப்பி, இரட்டைப்படைத் தேதிக்கு இன்னொரு பிளாப்பி. டிரைவ் கரகரவென்று சத்தம் போடும். 'பேக்கப் ஓவர்' என்று வரும். பிளாப்பியைக் கல்லாப்பெட்டியில் வைத்துப் பூட்டுவார். ஒருநாள் கூடத் தவறியதில்லை.

இப்போது ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். டிபிஎஃப் பைலில் ஒவ்வொரு பதிவும் ஒரே நீளம். என் பைலில் ஒரு பதிவுக்கு 120 பைட். 1.44 எம்பி பிளாப்பியில் உண்மையில் கிடைக்கும் இடம் 14,57,664 பைட். வகுத்தால் 12,147 பதிவுகள். மண்டியில் ஒரு நாளைக்கு நாற்பது பதிவு, மாதத்துக்கு ஆயிரம் என்று வைத்துக்கொண்டால் ஒரே வருடத்தில் பிளாப்பி நிறைந்துவிடும். இந்தக் கணக்கை நான் 2004 ஜனவரியில் போட்டிருக்க வேண்டும். போட்டது 2005 ஜூனில்.

ஜூன் மாதத்தில் ஒரு நாள் காலையில் ஹார்ட் டிஸ்க் 'டிக் டிக்' என்று சத்தம் போட்டு நின்றுவிட்டது. வேறு டிஸ்க் மாட்டி, விண்டோஸ் போட்டு, தைரியமாக பிளாப்பியைச் செருகினேன். விவசாயிகள் பெயர்ப் பட்டியல் இருந்தது. ஊர்ப் பட்டியல் இருந்தது. பதிவுகள் இருக்க வேண்டிய பெரிய பைலைக் காணோம். இரண்டாவது பிளாப்பியிலும் அப்படியே. பெரிய பைல் பிளாப்பியை விடப் பெரிதாகிப் போன நாளில் இருந்து டாஸ் தினமும் 'டிஸ்கில் இடம் போதவில்லை' என்று சொல்லியிருக்கிறது. பாதியில் நின்ற பைலை டாஸ் வைத்துக்கொள்வதில்லை, அழித்துவிடும். பழைய காப்பியின் மேலேயே எழுதப் போனதால் பழையதும் போய்விட்டது. அந்த எச்சரிக்கை திரையில் வந்த மறுகணமே பாக்ஸ்புரோ திரையைத் திரும்ப வரைந்து, என்னுடைய 'பேக்கப் ஓவர்' வரியைக் காட்டிவிட்டது. கிட்டத்தட்ட ஐந்து மாதமாக இதே நாடகம்.

நல்ல வேளை, மார்ச் 31ம் தேதிக் கணக்கு முடிப்பின்போது பேரேட்டை டாட் மேட்ரிக்ஸில் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தோம். ஏப்ரலில் இருந்து உள்ள கார்பன் சீட்டுகளைப் பதினோரு ராத்திரி உட்கார்ந்து திரும்ப ஏற்றினேன். சில சீட்டுகள் கிடைக்கவே இல்லை. அதில் ஒருவர் கல்வராயன் மலையடிவாரத்தில் இருந்து வருகிறவர். தனக்குப் பாக்கி இவ்வளவு என்று அவர் சொன்னார். நம்மிடம் அதை ஆமென்றோ இல்லையென்றோ சொல்ல ஆதாரம் இல்லை. முதலாளி அவர் சொன்ன தொகையை எண்ணிக் கொடுத்தார். என்னிடம் ஒரு வார்த்தையும் கடிந்து பேசவில்லை. "தெனமும் ஓவர்னு சொல்லிச்சே தம்பி" என்று மட்டும் கேட்டார்.

தவறு எங்கே?

காப்பி கட்டளையில் தவறு இல்லை, அது உண்மையைத்தான் சொன்னது. பாக்ஸ்புரோவிலும் தவறு இல்லை. நான் எழுதிய இரண்டாவது வரிதான் தவறு. முதல் வரி என்ன ஆனது என்று கேட்காமலேயே 'ஓவர்' போட்டுவிட்டது.

கேட்க வழி இருந்ததா? நேரடியாக இல்லை. பாக்ஸ்புரோவின் ரன், கட்டளையை டாஸிடம் கொடுத்து, அது முடியும்வரை காத்திருந்து, திரும்பி வரும். என்ன ஆனது என்ற செய்தியைக் கொண்டுவராது. அந்தக் கால டாஸின் காப்பி கட்டளையும் எர்ரர்லெவல் என்ற முடிவு எண்ணைத் தராது. ஆனால் எக்ஸ்காப்பி தரும். 0 என்றால் சரி, 4 என்றால் இடமோ மெமரியோ போதவில்லை அல்லது டிரைவ் தவறு, 5 என்றால் டிஸ்கில் எழுத முடியவில்லை.

ஆகவே நான் சுற்றிவளைத்து ஒரு வழி செய்தேன். பேக்கப் வேலையை ஒரு பேட்ச் பைலில் வைத்தேன். அதில் முதலில் எக்ஸ்காப்பி. அடுத்த வரியில், எர்ரர்லெவல் 1 அல்லது அதற்கு மேல் இல்லை என்றால் மட்டும் 'சரி' என்ற பெயரில் ஒரு குட்டி பைலை உருவாக்கச் சொன்னேன். பாக்ஸ்புரோ முதலில் பழைய 'சரி' பைலை அழிக்கும், பிறகு பேட்ச் பைலை ரன் செய்யும், திரும்பி வந்ததும் 'சரி' பைல் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால்தான் 'ஓவர்'. பழையதை முதலில் அழிப்பது முக்கியம். இல்லாவிட்டால் நேற்றைய 'சரி'யைப் பார்த்து இன்றைக்கும் சரி என்று சொல்லிவிடும். பிளாப்பியில் இடம் போதாததற்கு பிகேசிப் கொண்டு சுருக்கினேன். டிபிஎஃப் பைலில் வெற்றிடங்கள் நிறைய இருப்பதால் நன்றாகச் சுருங்கும்.

இன்றைக்குச் செய்து பார்க்க

பிளாப்பி போய்விட்டது. டாஸ் பாக்ஸ்புரோ 64 பிட் விண்டோஸில் ஓடாது. மண்டிக்குப் புது கம்ப்யூட்டர் வந்தபோது நான் கோபாலுக்கு மாறினேன். குனு கோபால் என்ற கம்பைலர் இலவசம், விண்டோஸிலும் லினக்ஸிலும் கிடைக்கிறது. பழைய அரசு லேப்டாப்பில் பாஸ் லினக்ஸ் வைத்திருப்பவர்களும் முயன்று பார்க்கலாம்.

கோபால் புரோகிராம் நான்கு பகுதிகளாக இருக்கும். டேட்டா பகுதியில் இரண்டு இடங்களை ஒதுக்குங்கள். ஒன்று, அனுப்பப் போகும் கட்டளையை வைக்க 200 எழுத்து கொள்ளும் இடம். இன்னொன்று, பதில் எண்ணை வைக்க. நான் அவற்றுக்கு ஆணை, பதில் என்று பெயர் வைத்திருக்கிறேன். உங்கள் இஷ்டம்போல் ஆங்கில எழுத்தில் வேறு பெயர் வையுங்கள். ஆணைக்குள் முழு காப்பி கட்டளையையும் மூவ் செய்துவிட்டு, புரொசீஜர் பகுதியில் இப்படி எழுத வேண்டும்.

கால் "சிஸ்டம்" யூசிங் ஆணை
மூவ் ரிட்டர்ன்-கோட் டு பதில்
இஃப் பதில் = 0
டிஸ்பிளே "பேக்கப் ஆனது"
எல்ஸ்
டிஸ்பிளே "பேக்கப் ஆகவில்லை"
எண்ட்-இஃப்

ஒவ்வொரு வரியையும் ஏழு இடம் தள்ளி எட்டாவது இடத்திலோ அதற்குப் பிறகோ தொடங்குங்கள். பஞ்ச் கார்டு காலத்துப் பழக்கம் இது. இன்னும் விடவில்லை. ரிட்டர்ன்-கோட் என்பது கோபால் தானே வைத்திருக்கும் இடம். வெளியே போன கட்டளையின் முடிவு எண் அதில் வந்து உட்காரும். அடுத்த கால் வந்தால் பழைய எண் போய்விடும். அதனால்தான் உடனே பதிலுக்கு மாற்றிக்கொள்கிறோம்.

ஓட்டிப் பாருங்கள். சரியாக வேலை செய்ததும் நிறுத்திவிடாதீர்கள். இப்போது வேண்டுமென்றே கெடுங்கள். உங்கள் கம்ப்யூட்டரில் இல்லாத இசட் டிரைவுக்குக் காப்பி செய்யச் சொல்லுங்கள். 'ஆகவில்லை' என்று வருகிறதா? பென் டிரைவைப் பிடுங்கிவிட்டு ஓட்டுங்கள். பைல் பெயரைத் தப்பாகக் கொடுங்கள். மூன்று முறையும் 'ஆகவில்லை' வந்தால்தான் உங்கள் பேக்கப் மெனு தயார். நான் 2004ல் ஒரு நிரம்பிய பிளாப்பியைச் செருகிப் பார்த்திருந்தால் போதும், பதினோரு ராத்திரி தூங்கியிருப்பேன்.

முடிவு எண் என்பது இன்று நேற்று வந்ததல்ல. வங்கிகளில் ஓடும் ஐபிஎம் மெயின்பிரேம்களில் ஜேசிஎல் என்ற ஆணைப் பட்டியல் வைத்துத்தான் கோபால் புரோகிராம்களை வரிசையாக ஓட்டுவார்கள். முந்தைய படி 0 தந்தால் சரி, 4 என்றால் எச்சரிக்கை, 8 என்றால் தவறு என்பது அங்கே வழக்கம். எண்ணைப் பார்த்துத்தான் அடுத்த படி ஓடலாமா என்று முடிவாகும்.

ஆனால் எல்லா இடத்திலும் 0தான் வெற்றி என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதாதீர்கள். விண்டோஸ் விஸ்டாவில் இருந்து கூடவே வரும் ரோபோகாப்பி வேறு ரகம். அதில் 1 வந்தால் பைல்கள் நன்றாகக் காப்பி ஆகிவிட்டன என்று பொருள். 0 வந்தால் காப்பி செய்யப் புதிதாக ஒன்றும் இல்லை என்று பொருள். 8ம் அதற்கு மேலும் வந்தால்தான் கோளாறு. அந்தந்தக் கட்டளைக்கு எண்கள் என்ன சொல்கின்றன என்று பார்த்துவிட்டே இஃப் எழுத வேண்டும்.

'அண்ட் கோ' தொல்லை

வியாபாரிகள் பெயரில் ஆளுக்கொரு போல்டர் வைத்து, அதில் அவரவர் கணக்கைக் காப்பி செய்யலாம் என்று ஒரு முறை ஆசைப்பட்டேன். திரையில் டைப் செய்யும் பெயரை அப்படியே கட்டளையோடு ஒட்டிவிட்டேன். பாதிப் பேருக்கு வேலை செய்தது. மீதிப் பேருக்கு, 'கோ' என்பது எனக்குத் தெரிந்த கட்டளை இல்லை என்று விண்டோஸ் சொன்னது. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

நம் ஊர் வியாபாரிகளில் பாதிப் பேர் '& கோ' அல்லது '& சன்ஸ்' அல்லவா! கமாண்ட் பிராம்ப்டில் & குறிக்குத் தனி வேலை இருக்கிறது. இந்தக் கட்டளை முடிந்ததும் அடுத்த கட்டளையைச் செய் என்று அதற்குப் பொருள். அதனால் பெயரின் பிற்பாதியை விண்டோஸ் ஒரு கட்டளையாக எடுத்துக்கொண்டது. 'கோ' என்று ஒரு கட்டளை இல்லாததால் தப்பித்தோம். யாராவது விளையாட்டாக & குறிக்குப் பின்னால் டெல் என்று டைப் செய்து நட்சத்திரக் குறியும் போட்டிருந்தால், பைல்களை அழிக்கும் வேலையை என் புரோகிராமே செய்திருக்கும். லினக்ஸில் இதே வேலையை அரைப்புள்ளி செய்யும்.

இதற்கு நான் செய்தது, பெயரை வாங்கவே இல்லை. ஒவ்வொரு வியாபாரிக்கும் ஏற்கனவே ஒரு நம்பர் இருக்கிறது. போல்டருக்கும் அந்த நம்பர்தான் பெயர். பெயர்தான் வேண்டும் என்றால் எழுத்தும் எண்ணும் தவிர வேறு எது வந்தாலும் ஏற்காமல் திருப்பிவிடுங்கள். இடைவெளி உள்ள போல்டர் பெயர்களை இரட்டை மேற்கோள் குறிக்குள் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பெயர் இரண்டு பெயராகிவிடும். கோபாலில் ஸ்ட்ரிங் கட்டளையால் பெயரை ஒட்டும்போது 'இடைவெளி வரை' என்று எழுதினாலும் இதே கதிதான். முதல் சொல்லோடு பெயர் வெட்டுப்பட்டுவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெளிக்கதவு இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றுக்கும் வெளியே போக வேண்டியதில்லை. ஒரு பைலை மட்டும் காப்பி செய்ய பாக்ஸ்புரோவிலேயே காப்பி பைல் கட்டளை உண்டு. குனு கோபாலில் சிபிஎல் காப்பி பைல் என்று ஒன்று இருக்கிறது. சொற்களுக்கு நடுவே அடிக்கோடு போட்டு எழுத வேண்டும். முடிந்தால் 0 தரும். இடையில் கமாண்ட் பிராம்ப்ட் இல்லாததால் & தொல்லையும் இல்லை. மொழிக்குள்ளேயே வசதி இருந்தால் அதைத்தான் நான் முதலில் எடுப்பேன்.

இப்போது மண்டியில்

0 வந்தபிறகும் நான் ஒரு படி கூடுதலாக வைத்திருக்கிறேன். காப்பி ஆனதும் எஃப்சி என்ற கட்டளையை, சாய்கோடு பி சேர்த்து, இன்னொரு கால் "சிஸ்டம்" மூலம் அனுப்புகிறேன். இது இரண்டு பைல்களையும் பைட் பைட்டாக ஒப்பிடும். ஒன்றாக இருந்தால் 0, வித்தியாசம் இருந்தால் 1. அதன்பின் புரோகிராம் பென் டிரைவில் உள்ள காப்பியைத் திறந்து, கடைசிப் பதிவின் சீட்டு நம்பரைப் படித்துத் திரையில் பெரிதாகக் காட்டும். 'ஓவர்' என்ற சொல்லையே எடுத்துவிட்டேன். முதலாளி கையில் உள்ள கடைசிக் கார்பன் சீட்டைப் பார்ப்பார், திரையைப் பார்ப்பார். இரண்டும் ஒன்றாக இருந்தால், டாஸ்க்பாரில் உள்ள ஐகானை கிளிக் செய்து பென் டிரைவை முறைப்படி வெளியே எடுத்து, அதே கல்லாப்பெட்டியில் வைத்துப் பூட்டுவார்.